தவணை கட்டி முடித்தவர்கள் எங்கே?

நம் புனைவுகளில் கடன்பட்டவர்களுக்குக் குறைவே இல்லை. கங்காணியிடம் முன்பணம் வாங்கியவன், செட்டியாரிடம் தாலியை அடகு வைத்தவள், சில்லறைக் கடையின் 555 புத்தகத்தில் பெயர் ஏறியவன், ஆலோங்குக்குப் பயந்து இரவோடு இரவாக வீடு மாறும் குடும்பம் என்று வரிசை நீண்டுகொண்டே போகும். வாங்குகிறார்கள், வட்டி ஏறுகிறது, அவமானப்படுகிறார்கள், ஓடுகிறார்கள், சாகிறார்கள். கடைசித் தவணையைக் கட்டிவிட்டு, மறுமாதம் அதே தொகையைச் சேமிப்பில் போட ஆரம்பித்த ஒருவரை எந்தக் கதையில் சந்தித்தேன் என்று யோசித்தால், சட்டென்று ஒரு பெயரும் வரமாட்டேங்குது.

‘எல்லாக் கதையும் சுபமா முடியணுமா?’ என்று கேட்கலாம். வேண்டாம். நான் சுபமான முடிவைக் கேட்கவில்லை. கடனை அடைப்பது என்பது மூன்று வருடம், ஐந்து வருடம், சிலருக்குப் பதினைந்து வருடம் நடக்கும் ஒரு வேலை. அதில் ஆசை இருக்கிறது, பொய் இருக்கிறது, ஒவ்வொரு மாதக் கடைசியிலும் ஒரு சபலம் இருக்கிறது. முக்கியமாக, அதில் வேறு மனிதர்கள் இருக்கிறார்கள். ‘கட்டிட்டியா?’ என்று கேட்பவர்கள், ‘இன்னும் எட்டு மாசந்தானே’ என்று சொல்பவர்கள். இவ்வளவு மனித விஷயம் உள்ள ஒன்றை நம் இலக்கியம் ஏன் கதையாகப் பார்க்கவில்லை என்பதுதான் என் கேள்வி.

நான் பாகான் டத்தோக்காரன். உள்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவன். படிப்புக்கு பி.டி.பி.டி.என். கடன், வேலைக்குச் சேர்ந்ததும் மோட்டார் கடன், வீட்டுக்காக வாங்கியதில் என் பங்கு என மூன்று கடன்கள். இரண்டு முடிந்தன, மூன்றாவது ஓடிக்கொண்டிருக்கிறது. என் வயதில் இது சாதாரணக் கதை. 1997-இல் தொடங்கப்பட்ட பி.டி.பி.டி.என். இல்லாவிட்டால், தென்னந்தோட்டத்துப் பிள்ளைகளில் பலர் பல்கலைக்கழக வாசலையே மிதித்திருக்க மாட்டோம். ஆகவே கடன் என்றாலே சாபம் என்று எழுதும் கதைகளை வாசிக்கும்போது எனக்கு ஒரு நெருடல். அந்தக் கதைகள் பொய் சொல்வதில்லை. ஆனால் பாதியில் நின்றுவிடுகின்றன.

1

கடனைப் பற்றிய நம் கதைகளுக்கு ஒரு மூல வடிவம் உண்டு. பி.எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழுக்கு வந்த நாவலை எடுத்துக்கொள்வோம். தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக வேலை பார்த்தவர் டேனியல். முன்பணம் வாங்கி மலையேறும் தொழிலாளி, உழைத்துக் கழித்துவிட்டு ஊர் திரும்பலாம் என்று நம்புகிறான். வருடக் கடைசியில் கணக்குப் பார்த்தால் கடன் அப்படியே நிற்கிறது. 2013-இல் பாலா ‘பரதேசி’யாக எடுத்ததும் இதே நாவலின் பாதிப்பில்தான். பிரேம்சந்தின் ஒன்றேகால் சேர் கோதுமைக் கதையிலும் இதே கணக்கு. ஒரு துறவிக்குச் சோறுபோட வாங்கிய கோதுமை, ஒருவனை ஆயுள் முழுக்க அடிமையாக்குகிறது. அவனுக்குப் பிறகு அவன் மகனைப் பிடித்துக்கொள்கிறது. மலேசியாவில் கோ. புண்ணியவானின் ‘செலாஞ்சார் அம்பாட்’, அடையாள ஆவணம் இல்லாதவர்கள் எப்படிக் கொத்தடிமைகளாக வைக்கப்பட்டார்கள் என்பதை எழுதியது.

இவை அவசியமான படைப்புகள். இவற்றில் வரும் கடன், அடைக்கவே முடியாதபடி திட்டமிட்டுச் செய்யப்பட்ட கடன். கணக்கு எழுதுபவன் ஒருவன், கைநாட்டு வைப்பவன் ஒருவன். அங்கே ‘மனம் தளராதே, கட்டிவிடலாம்’ என்று ஒருவர் சொன்னால் அது துரைக்குச் செய்யும் உதவியாகத்தான் முடியும். எனவே அந்தக் கதைகளில் ஊக்கத்துக்கு இடமில்லாதது நியாயம்.

சிக்கல், இந்த வடிவத்தை நாம் இன்றைக்கும் அப்படியே தூக்கிச் சுமப்பதில் இருக்கிறது. கங்காணி போய், கிரெடிட் கார்டு வந்துவிட்டது. லயம் போய், தாமான் வந்துவிட்டது. கணக்கை நாமே கைப்பேசியில் பார்க்கலாம், மீதி எவ்வளவு என்று வங்கியே சொல்கிறது. அடைக்க முடிகிற கடன்கள் நம் வாழ்க்கையில் நுழைந்துவிட்டன. ஆனால் கதையில் கடன்பட்ட பாத்திரம் அறிமுகமானதும், அது தூக்குக் கயிற்றிலோ தலைமறைவிலோ முடியும் என்று வாசகனுக்குத் தெரிந்துவிடுகிறது. கடன்பட்டவரின் நெஞ்சோடு இராவணனின் கலக்கத்தை ஒப்பிடும், கம்பன் பாடியதாகப் பரவலாகச் சொல்லப்படும் அந்த வரி நம் மேடைகளில் எத்தனை முறை ஒலித்திருக்கும்! அந்தக் கலக்கம் மட்டும்தான் நம் நினைவில் தங்கிவிட்டது. கலங்கியவர் மறுநாள் காலையில் எழுந்து என்ன செய்தார் என்பது தங்கவில்லை.

2

இதற்கு எதிர்ப்பக்கம் ஒரு அலமாரி இருக்கிறது. புத்தகக் கடையில் கவிதைக்கு ஒரு தட்டு என்றால், பணம் சேர்ப்பது எப்படி என்பதற்கு ஐந்து தட்டு. சோம. வள்ளியப்பனின் ‘அள்ள அள்ளப் பணம்’ வரிசையை என் நண்பர்கள் பலர் வாசித்திருக்கிறார்கள். ஜார்ஜ் கிளேசனின் பாபிலோன் கதைகள் 1926-இல் நூலாக வந்தவை, நூறு வருடமாக விற்கின்றன.

இலக்கிய வாசகர்கள் இந்த அலமாரியைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவது வழக்கம். எனக்கு அந்த ஏளனம் கிடையாது. என்னுடைய குறை வேறு. இந்த வகை நூல்கள் பெரும்பாலும் தனி மனிதனிடம் பேசுகின்றன. நீ திட்டமிடு, நீ கட்டுப்படுத்து, நீ முதலீடு செய். அந்த ‘நீ’க்கு அம்மா இல்லை, அண்டை வீடு இல்லை, திடீரென்று கல்யாணத்துக்கு மொய் கேட்கும் சொந்தமும் இல்லை. நம்மில் யாருடைய சம்பளமும் அப்படித் தனியாக வாழ்வதில்லை.

வேடிக்கை என்னவென்றால், கிளேசனின் நூலிலேயே அந்தத் தனிமையை உடைக்கும் ஒரு கதை இருக்கிறது. தபசீர் என்ற ஒட்டக வியாபாரி கடனால் ஊரைவிட்டு ஓடி, அடிமையாகி, பிறகு திரும்பி வருகிறான். வருமானத்தில் பத்தில் ஏழு பங்கு வாழ்வதற்கு, இரண்டு பங்கு கடனுக்கு, ஒரு பங்கு சேமிப்புக்கு என்று பிரிக்கிறான். இந்தக் கணக்கைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அடுத்து அவன் செய்யும் காரியம். கடன் கொடுத்த ஒவ்வொருவரிடமும் நேரில் போய், ‘இப்படித்தான் கட்டப்போகிறேன்’ என்று சொல்கிறான். சிலர் ஏசுகிறார்கள், சிலர் தட்டிக்கொடுக்கிறார்கள். கடனை ரகசியத்திலிருந்து வெளியே எடுத்து வைக்கும் அந்த நொடியில்தான் கதை தொடங்குகிறது.

துன்பியல் நாவலும் முன்னேற்ற நூலும் எதிரெதிர் துருவங்கள் மாதிரி தெரிகின்றன. ஆனால் இரண்டிலும் கடன்பட்டவர் தனியாள். ஒன்றில் தனியாகச் சாகிறார், மற்றதில் தனியாக ஜெயிக்கிறார். நடுவில் நிற்கும் கூட்டத்தை இரண்டுமே பார்ப்பதில்லை.

3

அந்தக் கூட்டத்துக்கு நம்மிடம் ஒரு பெயரே உண்டு: கூட்டு. தமிழ்நாட்டில் சீட்டு என்பதை இங்கே கூட்டு என்கிறோம். மலாய் மொழியும் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது. அதைத் தடைசெய்ய நாடாளுமன்றம் 1971-இல் இயற்றிய சட்டத்தின் பெயரிலேயே ‘கூட்டு’ இருக்கிறது. ஒரு தமிழ்ச் சொல் மலேசியச் சட்டப் புத்தகத்தில் குற்றமாக நுழைந்த கதை அது. நடத்துபவர் ஓடிப்போனால் கேட்க நாதியில்லை, அதனால்தான் தடை. அந்தக் காரணத்தை மறுக்க முடியாது. ஆனாலும் கூட்டு எப்படி வேலை செய்கிறது என்று ஒரு பொறியாளன் கண்ணோடு பார்த்தால் அதற்குள் ஓர் அழகு தெரியும்.

பத்துப் பேர், ஆளுக்கு மாதம் 200 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஏலம் இல்லாத எளிய கூட்டு. ஒவ்வொரு மாதமும் ஒருவர் 2,000 வெள்ளியை எடுக்கிறார். முதல் மாதம் எடுத்தவர் கடனாளி, மீதி ஒன்பது மாதமும் அவர் கட்டுவது கடன். கடைசி மாதம் எடுப்பவர் முழுச் சேமிப்பாளர். நடுவில் ஐந்தாம் மாதம் எடுப்பவர் அதுவரை சேமித்தவர், அதன்பிறகு கடன் அடைப்பவர். தொகை மாறவில்லை, தேதி மாறவில்லை, உட்காரும் திண்ணையும் மாறவில்லை. அதே 200 வெள்ளி ஒருவருக்குக் கடனாகவும் பக்கத்தில் இருப்பவருக்குச் சேமிப்பாகவும் இருக்கிறது. யார் கடனாளி, யார் சேமிப்பாளர் என்ற பிரிவு அந்தத் திண்ணையில் கரைந்துபோகிறது. அங்கே ஒருவரும் ஒருவரைக் கீழே பார்க்க முடியாது. அடுத்த சுற்றில் வரிசை மாறிவிடும்.

என் மோட்டார் கடன் முடிந்த செய்தியை வீட்டில் சொன்னபோது, கூட்டு கட்டிப் பழகிய பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் சொன்னது: “தம்பி, கை பழகியிருக்கு. அதே தேதில அதே காச வேற எடத்துல போட்டுட்டு வா. ஒரு மாசம் விட்டா கை மறந்துரும்.” பணத்தைப் பற்றி நான் கேட்ட மிகச் சிறந்த வாக்கியம் இதுதான். கடன் முடிவதும் சேமிப்பு தொடங்குவதும் இரண்டு வேறு நிகழ்ச்சிகள் அல்ல, கைப்பழக்கம் ஒன்றே, போய்ச் சேரும் இடம்தான் மாறுகிறது என்று அந்த அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. கூட்டு கொடுத்த அறிவு அது.

ஆனால் கூட்டம் என்றாலே நல்லது என்று முடித்துவிடக் கூடாது. வங்காளதேசத்தின் கிராமீன் வழியில் உலகெங்கும் பரவிய குழுக் கடன்களில், ஒருவர் கட்டத் தவறினால் அதன் சுமை குழுவின் தலையில் இறங்குவதுண்டு. அப்போது பக்கத்து வீட்டுக்காரி ஊக்குவிப்பவளாக இருந்து வசூல்காரியாக மாறிவிடுகிறாள். ஆலோங் வீட்டு வாசலில் சிவப்புச் சாயம் ஊற்றுவதும் ஊரைச் சாட்சியாக வைத்துத்தான். ஊக்கமும் அவமானமும் ஒரே கண்களிலிருந்துதான் வருகின்றன. எந்தப் பார்வை கைகொடுக்கும், எது கழுத்தை நெரிக்கும் என்று பிரித்துக் காட்டுவது இலக்கியத்தின் வேலை. புள்ளிவிவரத்தால் அது முடியாது.

4

மலேசியத் தமிழரின் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய கூட்டு ஒன்று நடந்தது. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க ஆரம்பித்தன. வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். தொழிலாளிக்கு வேலையும் போனது, லயத்து வீடும் போனது. அந்தத் துண்டாடலைப் பற்றி உங்கு அசிஸ் செய்த ஆய்வு 1962-இல் வெளிவந்தது. அதற்கு முன்பே, 1960-இல், சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி கட்டுங்கள், நூறு வெள்ளி சேர்ந்தால் பங்கு, எல்லோர் பணமும் சேர்ந்தால் தோட்டத்தையே வாங்கலாம் என்று பேசினார். 1961-இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது.

அந்தப் பத்து வெள்ளியை இன்றைய காசாக நினைத்துப் பார்க்கக் கூடாது. நாள் சம்பளம் ஒற்றை இலக்கத்தில் இருந்த காலம். ஏற்கெனவே கடையில் பற்று இருக்கும் குடும்பத்திலிருந்து மாதம் பத்து வெள்ளியைத் தனியே எடுத்து வைப்பது என்றால், வீட்டுக்குள் எத்தனை சண்டை நடந்திருக்கும்! யார் முதலில் கட்டினார், யார் கட்ட மறுத்தார், பெரட்டுக் களத்தில் யாரைப் பார்த்து யார் பெயர் கொடுத்தார்? மீன் வாங்காமல் விட்ட கிழமைகள் எத்தனை?

இதற்கு இணையான ஒரு முயற்சி அதே காலத்தில் மலாய்க் கிராமங்களிலும் நடந்தது. ஹஜ் பயணத்துக்காக நிலத்தையும் மாட்டையும் விற்றுவிட்டு, திரும்பி வந்து ஏழையாகும் கிராமத்தாரைப் பார்த்த அதே உங்கு அசிஸ் 1959-இல் ஒரு சேமிப்புத் திட்டத்தை முன்வைத்தார். பின்னாளில் தாபோங் ஹாஜியாக வளர்ந்தது அதுதான். ஒரு பக்கம் மெக்கா, ஒரு பக்கம் காலுக்குக் கீழே இருந்த மண். இரண்டிலும் ஏழைகளைச் சேமிக்க வைத்தது வட்டி விகிதம் அல்ல. கூட வரும் ஆட்களும், எல்லோருக்கும் பொதுவான ஒரு போய்ச்சேரும் இடமும்தான்.

உடனே இன்னொரு பெயரையும் சொல்லியாக வேண்டும். 1982-இல் மைக்கா ஹோல்டிங்ஸ் தொடங்கப்பட்டபோதும் மேடையில் இதே போன்ற ஊக்கச் சொற்கள்தான் ஒலித்தன. 66,000-க்கும் மேற்பட்ட பங்குதாரர்களிடமிருந்து சுமார் 10 கோடியே 60 லட்சம் வெள்ளி திரண்டது. நகையை அடகு வைத்தும் வங்கியில் கடன் எடுத்தும் பங்கு வாங்கியவர்கள் உண்டு. முப்பது ஆண்டு நெருங்கியபோது, 2010-இல், ஒரு வெள்ளிப் பங்குக்கு 80 காசு தருவதாக ஒருவர் முன்வந்ததுதான் பலருக்கு ஆறுதலாக இருந்தது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு தெரியும். முன்னதில் தொழிலாளி தன் சம்பளத்திலிருந்து சிறுகச் சிறுகக் கட்டினார், கை பழகியது. பின்னதில் கடன் வாங்கிச் சேமிக்கும்படி ஆயிற்று, வரிசை தலைகீழானது. ஊக்கம் தருகிறவர் நம் வட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கிறாரா, மேடைமேல் நிற்கிறாரா என்பதும் முக்கியம். அதற்காக நில நிதிச் சங்கத்தைப் புராணமாக்கவும் தேவையில்லை. நிலம் சங்கத்துடையதாக ஆனது, தொழிலாளி விடியலில் பெரட்டுக்குப் போவது மாறவில்லை. பங்குதாரர் என்ற பெயருக்கும் பால்வாளி தூக்கும் கைக்கும் நடுவில் இருந்த இடைவெளியும் நாவலுக்கான விஷயம்தான்.

இங்கே ஒரு முரணை மலேசிய இலக்கிய வாசகர்கள் கவனிக்கலாம். கோலாலம்பூரில் எத்தனையோ நூல் வெளியீடுகளும் இலக்கியக் கூட்டங்களும் விஸ்மா துன் சம்பந்தனில் உள்ள சோமா அரங்கத்தில் நடக்கின்றன. அது அந்தச் சங்கத்தின் கட்டடம். பத்துப் பத்து வெள்ளியாக வந்த பணத்தின் மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தோட்டத்துத் துயரத்தை எழுதிய நாவல்களைப் பற்றிப் பேசுகிறோம். தோட்டத்தார் அந்தப் பணத்தைச் சேர்த்த கதையைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

5

ஏன் பேசுவதில்லை? இலக்கியத்தில் துயரத்துக்கு இருக்கும் மரியாதை விடாமுயற்சிக்குக் கிடையாது, அது பிரச்சாரம் மாதிரி ஆகிவிடும் என்ற பயம். இந்தக் காரணத்தில் உண்மை இருக்கிறது. ‘சிக்கனமாக இரு’ என்று முடியும் கதையை நானே வாசிக்க மாட்டேன்.

இன்னொரு காரணம் மானம். கடனைப் பற்றி வாய் திறப்பதே மானக்கேடு என்று வளர்க்கப்பட்டிருக்கிறோம். அலுவலகத்தில் சம்பளத்தைச் சொல்வோம், காதலைச் சொல்வோம், மீதிக் கடன் எவ்வளவு என்று சொல்ல மாட்டோம். சொல்லாத கடனுக்கு யாராலும் தைரியம் சொல்ல முடியாது. பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த ஏ.கே.பி.கே. இலவசமாகவே கடன் ஆலோசனை தருகிறது. ஆனால் அங்கே போவதற்கும் முதலில் வாயைத் திறந்தாக வேண்டுமே. முற்றிப்போன பிறகு வெளியே தெரியும் கடன்கள்தான் செய்தியாகின்றன, கதையாகின்றன. நாம் துன்பியலாக மட்டுமே எழுதுவதற்கு இதுவும் ஒரு காரணம்: நமக்குத் தெரியவருவதே கடைசி அத்தியாயம்தான்.

ஆனால் நம் மொழி இப்படிப்பட்டதல்ல. சங்கப் பாடல்களில் கடன் என்றால் கடமை. திருக்குறள் பொருட்பாலில் நல்குரவு, இரவு, இரவச்சம் என்று மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து வருகின்றன. வறுமைக்கும் யாசகத்துக்கும் இடம் உண்டு, கடனுக்கென்று தனி அதிகாரம் இல்லை. காலைக்கடன், ஈமக்கடன் என்று இன்றும் அந்தப் பழைய பொருளில் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். எல்லாவற்றையும்விட, நேர்த்திக்கடன் இருக்கிறது.

தைப்பூசத்தன்று ஈப்போவில் புந்தோங் மாரியம்மன் கோவிலிலிருந்து கல்லுமலைக்குக் காவடி எடுத்துப் போகிறவரைப் பாருங்கள். அவர் ஒரு கடனாளி. வாங்கியதற்குத் திருப்பிக் கட்டிக்கொண்டிருக்கிறார். அதை ஒளித்துச் செய்வதில்லை. சுற்றிலும் நண்பர்கள் ‘வேல் வேல்’ என்கிறார்கள். ஒருத்தர் தண்ணீர் ஊற்றுகிறார், ஒருத்தர் முக்காலி போடுகிறார், கால் தடுமாறினால் நாலு கை நீள்கிறது. அவருடைய காவடியை அவருக்குப் பதிலாக யாரும் சுமப்பதில்லை. ஆனாலும் அவரைத் தனியாக நடக்க விடுவதில்லை. கடன் அடைப்பவரை எப்படி நடத்த வேண்டும் என்பது நமக்குத் தெரியாதது அல்ல. முருகனிடம் பட்ட கடனுக்குத் தெரிந்திருக்கிறது, வங்கியிடம் பட்ட கடனுக்கு மறந்துபோகிறது, அவ்வளவுதான்.

எழுத வேண்டிய கதையின் வடிவத்துக்கு இங்கே ஒரு குறிப்பு கிடைக்கிறது என்று நினைக்கிறேன். அதில் வில்லன் இல்லாமலும் இருக்கலாம். பெரிய திருப்பம் வேண்டாம். அறுபது தவணை, அறுபது மாதம். நாற்பத்தோராவது மாதம் ஒரு தீபாவளி வரும், தம்பிக்குக் கைப்பேசி உடையும், ஒரு நண்பன் ‘இந்த மாசம் விட்டுட்டா என்னடா ஆகும்’ என்பான், இன்னொருத்தி ‘நான் கட்டிட்டேன், நீ?’ என்று கேட்பாள். அந்த ஒரு கேள்வியின் எடையை வாசகனுக்கு உணர்த்த முடிந்தால் அது பிரச்சாரக் கதை ஆகாது. கடைசித் தவணை கட்டிய அன்று சந்தோஷம் வராமல் ஒரு வெறுமை வரும். அதையும் எழுத வேண்டும். ஐந்து வருடம் கூடவே இருந்த ஒன்று போய்விட்ட வெறுமை அது, எனக்குத் தெரியும்.

1960-களில் பத்து வெள்ளி கட்டியவர்களில் உயிரோடு இருப்பவர்கள் இப்போது எண்பதைத் தாண்டியவர்கள். ஊத்தான் மெலிந்தாங், சுங்கை சுமுன், சிலாங்கூர், கெடா என்று பிள்ளைகளின் தாமான் வீடுகளில் இருப்பார்கள். அவர்களிடம் எல்லோரும் கேட்பது கஷ்டத்தை: ஜப்பான்காரன் காலம், துரை, கள்ளுக்கடை. அடுத்த முறை பார்க்கும்போது இன்னொன்றையும் கேளுங்கள். “பத்து வெள்ளி கட்டணும்னு யாரு ஒங்கள மொதல்ல கூட்டிட்டுப் போனது?” அந்தப் பெயரிலிருந்து ஒரு நாவல் தொடங்கலாம்.